வாசலில் 70 சென்டிமீட்டர்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கொட்டும் பனியிலும் சைக்கிளை விடாதவர்களைப் பற்றி

2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை முதல் புயல். அதன் பனியை அள்ளத் தொடங்கியவர்கள் மூச்சு வாங்குவதற்குள் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது புயல். நான்கே நாளில் மாண்ட்ரியல் மீது 70 சென்டிமீட்டருக்கும் மேல் பனி இறங்கிவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க இந்த ஊரில் விழுவதே சராசரியாக 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும். மூன்றில் ஒரு பங்கு ஒரே வாரத்துக்குள் வந்தால் என்ன ஆகும்? தெருவோரக் கார்கள் வரிசையாக வெள்ளை மேடுகள் ஆயின. முந்தைய இரவே வைப்பரைத் தூக்கி நிறுத்திவைத்தவர்கள் மட்டும் தங்கள் காரை எளிதாக அடையாளம் கண்டார்கள்.

அந்த வாரத்திலும் சைக்கிள்கள் ஓடின. குறைவாகத்தான், ஆனால் ஓடின. ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள், மாணவர்கள், முதுகில் சதுரப் பெட்டி சுமந்து சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். சாகசக்காரர்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜூலை மாதத்தில் எந்த வேலைக்குச் சைக்கிளில் போனார்களோ அதே வேலைக்குப் பிப்ரவரியிலும் போகிறார்கள், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. குளிர் உண்மையில் சட்டை விவகாரம். அதைப் பிறகு பார்ப்போம். தட்டையாக, சமமாக விழுந்த பனிகூட அத்தனை கொடுமை இல்லை. ஐந்தாறு சென்டிமீட்டர் புதுப்பனியில் சைக்கிள் நன்றாகவே போகும். சைக்கிள்காரரை வீட்டில் உட்கார வைப்பது வானத்திலிருந்து விழுந்த பனி அல்ல. வேறு யாருக்கோ வழிவிடுவதற்காக ஒதுக்கிய பனி அவர் பாதையில் வந்து குவிகிறதே, அதுதான். அந்தக் குவியல் முதலில் தொடங்குவது அவரவர் வீட்டு வாசலில்.

படிக்கட்டு என்னும் முதல் மலை

மாண்ட்ரியலின் பழைய குடியிருப்புகளான பிளாட்டோ, ரோஸ்மான்ட் பகுதிகளுக்கு வந்தவர்கள் முதலில் படம் எடுப்பது வீட்டு முகப்பில் வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டுகளை. இவை வீட்டுக்கு வெளியே இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளர் குடும்பங்களுக்காக இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள் எழும்பியபோது, தெருவுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் பச்சைக்கு இடம் விட வேண்டியிருந்தது. கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். மாடிப்படியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்து, உள்ளே ஓர் அறையை மிச்சப்படுத்தினார்கள். பிற்காலத்தில் நகராட்சி இதைத் தடை செய்ததும் உண்டு. படிக்கட்டுகள் தப்பித்து இன்று அஞ்சலட்டையில் இருக்கின்றன.

அஞ்சலட்டையில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஜனவரியில் அதே படிக்கட்டில், உறைபனி படிந்த இரும்பின்மேல், பதினைந்து கிலோ சைக்கிளைத் தோளில் போட்டு இறங்க வேண்டும். வளைவில் பின்சக்கரம் கம்பியில் இடிக்கும். கையுறை போட்ட கை கைப்பிடியில் வழுக்கும். இதுவே பேட்டரி சைக்கிளாக இருந்தால் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்குகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே மேல்மாடிக்காரர்களின் குளிர்காலக் கேள்வி எந்த டயர் என்பதல்ல. சைக்கிளை எங்கே வைப்பது?

வீட்டுக்குள் கொண்டுவந்தால் சக்கரத்தில் ஒட்டிய பனி உருகி, சாலை உப்பு கரைந்த பழுப்புத் தண்ணீராக மரத்தரையில் ஓடும். வீட்டுக்காரர் பார்க்கும் நாள் வரும். தொல்லை அதோடு நிற்பதில்லை. சூடான அறையில் பிரேக் கேபிளுக்குள்ளும் பூட்டுக்குள்ளும் ஈரம் சேரும். மறுநாள் வெளியே எடுத்த சில நிமிடத்தில் அந்த ஈரம் உறைந்து கேபிள் நகராது, கியர் மாறாது. இதனால்தான் பழக்கப்பட்டவர்கள் சைக்கிளை வெளியே, குளிரிலேயே நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். பால்கனியில் ஒரு தார்ப்பாய், இல்லையென்றால் படிக்கட்டின் அடி. சைக்கிள் எப்போதும் குளிரில் இருக்கட்டும், அல்லது நன்றாகக் காயும் அளவுக்கு நேரம் உள்ளே இருக்கட்டும். உள்ளேயும் வெளியேயும் அலைக்கழிப்பதுதான் அதைக் கொல்கிறது. பேட்டரியை மட்டும் குழந்தை மாதிரி உள்ளே தூக்கி வந்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த நிலையில் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. படிக்கட்டின் அடியில் என் சைக்கிளுக்கு இடம் தந்தது அந்த வீட்டு அம்மாள்தான். தந்த நாளிலிருந்து விசாரணையும் தொடங்கியது.

“என்ன தம்பி, இந்த ஸ்நோவுக்கையும் சைக்கிளோ? விழுந்து காலை முறிச்சா ஆர் பாக்கிறது?”

“மெதுவாத்தான் போறேன் ஆன்ட்டி. டயர்ல ஆணி இருக்கு, வழுக்காது.”

“ஆணி ஏறினா காத்துப் போகும் எண்டுதான் எங்கட ஊரில சொல்லுவினம். நீர் ஆணி அடிச்ச டயரோட ஓடுறீர்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சைக்கிளைப் பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. அரிசி, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயின. அவருக்குச் சைக்கிள் ஓட்டுவது வியப்பில்லை. கார் வாங்க முடிகிற ஊரில் ஒருவன் ஓட்டுவதுதான் வியப்பு.

அள்ளுவதற்கும் ஒரு கணக்கு

சைக்கிள் படிக்கு அடியில் இருந்தால் போதாது. அங்கிருந்து தெருவுக்கு வழி வேண்டும். காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். காற்றாட விழுந்த உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. ஒரு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் ஆழம் என்றால் மூன்றரை கன மீட்டர், அதாவது 350 கிலோ. இரண்டு நாள் கிடந்து அமுங்கினால் உயரம் குறையும், எடை குறையாது. பனி ஒதுக்கும் வண்டி தள்ளிவிட்டுப் போன குவியல் இந்தக் கணக்கிலேயே சேராது. இறுகிப்போன அது கன மீட்டருக்கு 400, 500 கிலோகூட வரும். ஷவலைக் குத்தினால் திரும்பத் துள்ளும்.

இந்த எடையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கியூபெக் மாகாணத்தில் 1981 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2017இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 20 சென்டிமீட்டர் பனி விழுந்த மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் ஆஸ்பத்திரியில் சேருவது 16 சதவீதமும், மாரடைப்பால் இறப்பது 34 சதவீதமும் கூடியிருந்தது. பெண்களிடம் அப்படி ஒரு தெளிவான ஏற்றம் தெரியவில்லை. அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எப்போதாவது ஒருநாள் உடம்பை வளைக்கிறவர், காலைக் குளிரில், வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குகிறார். அதே வேலையைப் புயல் நடக்கும்போதே மூன்று நான்கு தடவையாகப் பிரித்துச் செய்தால் ஒவ்வொரு தடவையும் அள்ளுவது பஞ்சு. தூக்காமல் தள்ள முடிகிற இடத்தில் தள்ள வேண்டும். தூங்கப் போகும் முன் ஒருமுறை படியைக் கூட்டிவிட்டால் காலையில் பாதி வேலை இல்லை. இரும்புப் படியில் உப்பைக் கொட்டாமல் பொடிக்கல் தூவுவது நல்லது, துரு மிச்சம்.

இப்படி வழி வெட்டி முடிக்கும் நேரத்தில்தான் நடைபாதை வண்டி வரும். சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் குட்டி வண்டி. நடைபாதையை ஒரே இழுப்பில் சுத்தம் செய்துவிட்டு, நாம் வெட்டிய வழியின் வாயை அடைத்துவிட்டுப் போகும். அதன்பின் பெரிய வண்டி சாலைப் பனியை ஓரத்துக்குத் தள்ளும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அதன்மேல் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, தானும் ஏறிக் குதிக்க வேண்டும். முழு ஊரையும் கடக்கும் பயணத்தில் மிகக் கடினமான பகுதி இந்த ஒன்றரை மீட்டர்தான் என்று சொன்னால் வெயில் தேசத்தவர்கள் நம்புவதில்லை.

மாண்ட்ரியலைக் குறை சொல்லிவிட்டு அதன் திறமையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சாலையும் நடைபாதையுமாகச் சுமார் 10,000 கிலோமீட்டரை இந்த நகராட்சி சுத்தம் செய்கிறது. பல ஊர்களில் பனியை ஓரம் தள்ளுவதோடு சரி. இங்கே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தாண்டினால் அள்ளி லாரியில் ஏற்றி ஊரைவிட்டே எடுத்துப் போகிறார்கள். ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகைகள் தெருவில் முளைக்கும். சைரன் ஊளையிடும். அதைக் கேட்டும் காரை எடுக்காதவர் பிறகு காரைத் தேடி அலைய வேண்டும். பனியை உறிஞ்சி லாரிக்குள் துப்பும் இயந்திரம் முன்னே போக, லாரிகள் அதன் பக்கத்தில் நடந்தபடியே நிரம்பும். சென்-மிஷேல் பகுதியிலுள்ள பழைய பிரான்கான் கல்குவாரியில் கொட்டிய பனி மலையாக எழுந்து, கோடை வரை உருகிக்கொண்டே இருக்கும். வழக்கமான ஒரு புயலுக்கு நாலைந்து நாளில் முடிகிற இந்த வேலை, 2025 பிப்ரவரியில் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. முதன்மைச் சாலைகள் முதலில், உள் தெருக்கள் கடைசியில். சைக்கிள்காரர் குடியிருப்பது பெரும்பாலும் உள் தெருவில்.

ஆணி, எண்ணெய், கந்தல்

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். சைக்கிளுக்கு அப்படிச் சட்டம் இல்லை. புத்திதான் சட்டம். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சிறு ஆணிகள் நூற்றிலிருந்து முந்நூறு வரை பதித்த டயர்கள் கிடைக்கின்றன. பின்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் இதில் பேர் போனவர்கள். பனிக்கட்டியில் இந்த ஆணிகள் கடித்துக்கொள்ளும். ஆழமான தளர்பனியில் அவற்றால் பெரிய உபயோகம் இல்லை. இரண்டு டயருக்கும் பணம் இல்லையென்றால் ஒன்றை வாங்கி முன்சக்கரத்தில் போட வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், காலை ஊன்றலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது; தோள்தான் முதலில் தரையைத் தொடும். புதிய ஆணி டயரை முதல் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வெறும் தாரில் பதமாக ஓட்டினால்தான் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும் என்பது உற்பத்தியாளர்கள் சொல்வது. வெறும் சாலையில் அது எழுப்பும் கறமுற சத்தத்துக்கு நடைபாதையில் போகிறவர்கள் தானாக விலகுகிறார்கள். மணியே வேண்டாம்.

அகல டயரா, ஒல்லி டயரா என்று சைக்கிள் கடைகளில் பட்டிமன்றம் நடக்கும். நான்கு அங்குல அகல டயர் பூட்டிய தடியன் சைக்கிள்கள் மிதித்து இறுகிய பனித்தடத்தில் அருமை. நகரத்தில் பிரச்சினை வேறு. உப்பு பட்டு, கார்கள் உழுது, சர்க்கரைப் பாகு இறுகுகிற பதத்தில் பழுப்பாகக் கிடக்கிற சகதிப்பனி அது. அதில் ஒல்லி டயர் கிழித்துக்கொண்டு தரையைத் தொடுகிறது. அகல டயர் மிதந்து திசை மாறுகிறது. தினமும் வேலைக்குப் போகிறவருக்கு நடுத்தர அகலமும் ஆணியும் போதும் என்பதே என் கட்சி. காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அழகான சைக்கிளைக் குளிர்காலத்தில் எடுப்பது பாவம். உப்புத் தண்ணீர் ஒரே பருவத்தில் செயினைத் தின்றுவிடும். ஊரில் பலரும் இதற்கென்றே பழைய இரும்புச் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஒற்றை கியர், அல்லது கியர் எல்லாம் பின்சக்கரத்து ஹப்புக்குள் மூடிக்கிடக்கிற வகை. வெளியே தொங்கும் கியர் அமைப்பின் பல்சக்கரங்களுக்கு நடுவே பனி அடைத்து உறைந்தால் செயின் பல்மேல் ஏறி நழுவும். பிரேக்கிலும் அப்படியே. ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் ஈரப்பனியில் முதல் சில சுற்றுக்கு ஒன்றும் செய்யாது. ஹப்புக்குள் இருக்கும் டிரம் பிரேக்கோ, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் பழைய வகையோ சத்தமில்லாமல் வேலை செய்யும். பின்லாந்தில் ஹெல்காமா நிறுவனம் 1965இல் கொண்டுவந்த யோப்போ என்ற சைக்கிள் இதற்கு நல்ல உதாரணம். ஒரே அளவுச் சட்டம், பெடல் பிரேக், கெடுவதற்கு அதிகம் பாகங்கள் இல்லை. இன்றும் விற்கிறது.

ஃப்ரீவீல் செய்யும் துரோகம் ஒன்று உண்டு. கடுங்குளிரில் உள்ளேயிருக்கும் கெட்டி கிரீஸ் மெழுகாக இறுகி, சக்கரத்தைப் பிடிக்கவேண்டிய சிறு நாக்குகள் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். பெடல் சுற்றும், சைக்கிள் நகராது. குளிருக்கு முன்பே கெட்டி கிரீஸை எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெய் விடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்டுவிடுவது நல்லது. பூட்டுக்கும் கொஞ்சம் எண்ணெய். நிறுத்தும்போது சைக்கிளை ஒருமுறை தூக்கித் தரையில் தட்டினால் மட்கார்டுக்குள் அடைத்த சகதிப்பனி உதிரும். சோம்பலில் விட்டால் திரும்ப வரும்போது சக்கரமும் மட்கார்டும் ஒரே கல்லாக இருக்கும். வீடு வந்ததும் கந்தல் துணியால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறவரின் சைக்கிள் ஏப்ரலைப் பார்க்கும்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்வது ஒன்றுதான்: இருப்பதையெல்லாம் போட்டுக்கொள்வது. கிளம்பிய முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும்; அப்படிக் குளிரவில்லையென்றால் பதினைந்தாவது நிமிடம் வியர்த்துக் கொட்டும். அந்த வியர்வை சிக்னலில் நிற்கும்போது பனிக்கட்டியாகத் திரும்பி வரும். உடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். விரல்கள், கால்விரல்கள், காது, மூக்கு நுனி இவற்றை மட்டும் நம்பக் கூடாது. ஹேண்டில்பார்மேல் மாட்டி உள்ளே கையை நுழைத்துக்கொள்ளும் பெரிய உறைகள் விலையுயர்ந்த எந்தக் கையுறையையும் தோற்கடிக்கும். தலைக்கு, ஊட்டி போகும்போது வாங்குவோமே அதே குரங்குக் குல்லா, மெல்லியதாக. ஹெல்மெட்டுக்கு அடியில் அடங்க வேண்டும்.

மைனஸ் பதினைந்து தேவலாம்

தெர்மாமீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தப்பான பக்கத்தைப் பார்க்கிறார்கள். மைனஸ் 15 டிகிரியில் பனி உலர்ந்து, காலடியில் கிறீச்சிடும். டயருக்கு நல்ல பிடிப்பு. பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்கள்தான் ஆபத்து. பகலில் உருகுகிறது, ராத்திரியில் உறைகிறது, காலையில் அதன்மேல் மெல்லிய புதுப்பனி மூடியிருக்கிறது. அடியில் கண்ணாடி. கார்கள் உருட்டிய தடங்கள் அப்படியே கல்லாகி, முன்சக்கரத்தை ரயில் தண்டவாளம்போல் தன் போக்கில் இழுத்துப்போகும். சாலையில் கொட்டும் சாதாரண உப்பும் மைனஸ் 10ஐ நெருங்கும்போது பலமிழக்கிறது. அதற்கும் கீழே பொடிக்கல்தான் தூவுகிறார்கள்.

ஓட்டும் முறையில் சொல்ல அதிகம் இல்லை. வழுக்கும் இடத்தில் திருப்பாதே, பிரேக் போடாதே, நேராக உருளவிடு. சீட்டை ஓரங்குலம் இறக்கிவை. மழையே உறைந்து விழும் நாட்களில் சைக்கிளைத் தொடாதே. 1998 ஜனவரியில் ஐந்து ஆறு நாள் தொடர்ந்து பெய்த உறைமழை தெற்கு கியூபெக்கின் மின்கோபுரங்களையே மடக்கிப் போட்டது. அந்த மழையில் நடக்கக்கூட முடியாது. இந்த ஊரின் மெட்ரோ முழுக்க முழுக்க நிலத்தடியில் ஓடுகிறது. அப்படிப்பட்ட நாளில் அதில் ஏறுவது தோல்வி இல்லை. குளிர்காலம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் ஓட்டினேன் என்று பெருமை பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் இது ஏதோ வீரர்களுக்கான காரியம் என்று மற்றவர்கள் பின்வாங்குகிறார்கள்.

யாருக்கு முதலில்?

சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு இதுதான் சைக்கிள் பாதை என்று சொல்லிவிடுவது மலிவான வேலை. முதல் பனியில் கோடு மறைகிறது. கார்ப்பாதையிலிருந்து தள்ளிய பனிக்கு ஓரிடம் வேண்டுமே, அது அந்தக் கோட்டின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. நவம்பரில் இருந்த சைக்கிள் பாதை பிப்ரவரியில் குப்பைமேடு. மாறாக, கட்டைச் சுவர் வைத்துப் பிரித்த பாதைக்குள் குட்டி வண்டி தனியாகப் புகுந்து வரும். மாண்ட்ரியல் 2020 நவம்பரில் சென்-டெனி சாலையில் திறந்த விரைவுச் சைக்கிள் பாதை அப்படிப்பட்டது. கார் நிறுத்துமிடம் போகிறது, வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். இப்போது ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள்கள் அதில் போகின்றன. புயலுக்கு மறுநாள் காலை அது கறுப்பாகத் தெரிவதையும், அதிலிருந்து பிரியும் உள் தெருக்கள் வெள்ளையாக அடைத்துக் கிடப்பதையும் பார்த்தால் ஊர் எதற்கு முன்னுரிமை தருகிறது என்பது படிக்காமலே புரியும். 2023-24 குளிர்காலத்திலிருந்து பிக்சி என்ற வாடகைச் சைக்கிள்களும் ஊரின் ஒரு பகுதியில் குளிர்கால டயரோடு ஓடத் தொடங்கின.

வரிசையை மாற்றிப் பார்த்த ஊர்கள் உண்டு. சுவீடனின் கார்ல்ஸ்கோகா என்ற சிறு நகரம் 2011 வாக்கில் தன் எல்லாத் திட்டங்களையும் ஆண் பெண் சமத்துவக் கண்ணோடு சோதித்தபோது பனி அள்ளும் வரிசையும் சிக்கியது. முதலில் பெரிய சாலைகள், கடைசியில் நடைபாதையும் சைக்கிள் பாதையும். காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். நடப்பவர்களிலும், குழந்தையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய், பஸ் பிடிப்பவர்களிலும் பெண்கள் அதிகம். பத்து சென்டிமீட்டர் பனியில் காரை ஓட்டிவிடலாம். தள்ளுவண்டியைத் தள்ள முடியாது. வரிசையைத் தலைகீழாக்கினார்கள், செலவு கூடவில்லை. வழுக்கி விழுந்து காயம்பட்டவர்களில் நடப்பவர்களே, அவர்களிலும் பெண்களே அதிகம் என்று சுவீடனின் ஆஸ்பத்திரிப் பதிவுகள் சொல்லிக்கொண்டிருந்தன.

எதிர்ப்பும் வராமல் இல்லை. இதே வரிசையை எடுத்துக்கொண்ட ஸ்டாக்ஹோமில் 2016 நவம்பரில் ஒரே நாளில் 39 சென்டிமீட்டர் பனி. 1905இல் பதிவு தொடங்கியதிலிருந்து எந்த நவம்பர் நாளிலும் அத்தனை விழுந்ததில்லை. ஊர் ஸ்தம்பித்தது. சமத்துவமாகப் பனி அள்ளப் போனதால் வந்த வினை என்று எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் கிண்டலடித்தன. அத்தனை பனி ஒரே நாளில் விழுந்தால் பழைய வரிசையும் திணறியிருக்கும் என்பதைச் சொல்ல அப்போது ஆளில்லை.

அதே சுவீடனில், லிங்க்சோப்பிங் உள்ளிட்ட இரண்டு நகரங்களில் ஆராய்ந்த அன்னா பெரிஸ்ட்ரோம், சைக்கிள் பாதைகளை இன்னும் நன்றாகப் பராமரித்தால் குளிர்காலச் சைக்கிள் பயணங்கள் 18 சதவீதம் கூடவும், கார்ப் பயணங்கள் 6 சதவீதம் குறையவும் வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டார். கட்டுரை 2003இல் வெளிவந்தது. அங்கிருந்து வளர்ந்த முறை ஒன்று, வண்டியின் முன்னால் சுழலும் பெருந்துடைப்பம் பனியைக் கூட்ட, பின்னால் உப்புநீர் தெளிப்பது. பாதை தார் தெரியச் சுத்தமாகிறது. ஸ்டாக்ஹோமும் சில பாதைகளில் இதைப் பின்பற்றுகிறது.

பின்லாந்தின் ஔலு இதற்கு நேர் எதிர்வழி. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர். தொடர்ந்து குளிர் இருப்பதால் உப்பே போடுவதில்லை. பனியை இறுக்கி, பல் வைத்த தகட்டால் சுரண்டிக் கோடு கோடாக வரி போட்டு, பொடிக்கல் தூவிவிடுகிறார்கள். அதுவே நல்ல சாலை. முக்கியமான சைக்கிள் பாதைகளைக் காலை வேலைக்குப் போகும் நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாதைகள் பெரும்பாலும் சாலையை விட்டு விலகி, குறுக்கிடும் இடத்தில் சுரங்கமாகப் போகின்றன. ஆகவே சாலைப் பனி அவற்றின்மேல் விழ வழியே இல்லை. மெட்ஸோகங்காஸ் பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் மைனஸ் 17இலும் சைக்கிளில் வந்து இறங்கும் படம் உலகெங்கும் சுற்றியது. குளிர்காலச் சைக்கிள் மாநாடு முதன்முதலில் கூடியது அங்கேதான், 2013இல். 2017இல் மாண்ட்ரியலுக்கு வந்தது. ஔலுக்காரர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள் என்று எண்ணத் தோன்றும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்குத் தைரியம்? வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை குவியல் இல்லை, அவ்வளவே.

இங்கே அந்த வசதி இல்லாமலே ஓட்டவேண்டியவர்கள் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். பனி கொட்டும் இரவில்தான் ஆர்டர் அதிகம். யாரும் வெளியே போக விரும்பாததால். அவர்களில் படிக்க வந்த இந்திய மாணவர்கள் நிறைய, தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. குளிரில் பேட்டரி வழக்கமான தூரம் தாங்காது. ஆணி டயருக்கு இருநூறு டாலர் செலவழிக்க யோசிப்பார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த இரும்புப் படிக்கட்டு, சுத்தம் செய்யாமல். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் புயல் இரவில் ஆர்டர் செய்வதாக இருந்தால், முதலில் படியைக் கூட்டிவிட்டுச் செய்யுங்கள்.

ஆணி டயரை எப்போது கழற்றுவது என்பது மார்ச் மாத வாக்குவாதம். கார்களுக்கான சட்டம் 15ஆம் தேதியோடு முடிகிறது. பனி ஏப்ரலிலும் விழும். அவசரப்பட வேண்டாம். அவசரப்பட வேண்டியது மெக்கானிக்கிடம். தார் காய்ந்த முதல் சனிக்கிழமை ஊரே துருப்பிடித்த செயினோடு கடை வாசலில் நிற்கும், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். பிப்ரவரியில் அதே கடையில் ஆளே இருக்காது. அப்போதே ஏப்ரலுக்கு நாள் குறித்துவிட்டு வந்துவிடுவது உத்தமம்.